ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல்: பிள்ளைகளைக் கிறிஸ்தவப் பள்ளிக்கு அனுப்பும் வீடுகள் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவது?

பெரம்பூர் அம்மா
2 ஏப்ரல் 2024, இரவு 9.40

எல்லாருக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். நான் வடசென்னைத் தொகுதி. மூத்தவள் எட்டாம் வகுப்பு, இளையவள் மூன்றாம் வகுப்பு, இரண்டு பேரும் சிஸ்டர்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கிறார்கள்.

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பட்டியல் வந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் யாருக்குப் போட வேண்டும் என்று பெயர் பெயராக. நம் பள்ளிகளைக் காப்பாற்ற வேண்டுமானால் எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று அடியில் ஒரு வரி. தயாரித்தது யார், எந்தச் சபை, ஒன்றும் இல்லை. உடனே இன்னொருவர் வேறொரு ஃபார்வர்டு போட்டார், மிஷன் பள்ளிக்கூடங்கள் இருப்பதே மதம் மாற்றத்தான் என்று. சண்டை முற்றி, கிளாஸ் டீச்சர் குரூப்பையே பூட்டிவிட்டார். வீட்டுப்பாடம் கேட்கக்கூட இப்போது வழியில்லை.

யாருக்குப் போடுவது என்று நான் கேட்கவில்லை. எதைப் பார்த்து முடிவெடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. மாமியாருக்கு எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், என்ன சொல்கிறாரோ அதுதான். வீட்டுக்காரருக்குப் பிரதமர் யார் என்பது மட்டும்தான் கணக்கு. எனக்கு இந்த இரண்டு பிள்ளைகளின் படிப்பும், அவர்கள் அடுத்து எங்கே போகப் போகிறார்கள் என்பதும்தான் மனசில் நிற்கிறது. ஆனால் ஒரு எம்.பி.க்கும் எங்கள் பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லாவரம் அப்பா
2 ஏப்ரல், இரவு 10.15

பட்டியல் யார் போட்டது என்று தெரியாமல் அனுப்புவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் சேர்ந்து போடுவதில் என்ன குறை சகோதரி? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 6.12 சதவீதம், நாடு முழுவதும் 2.3. சிதறிப் போட்டால் எந்தக் கட்சியும் திரும்பிப் பார்க்காது. 2002ல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். 2004 மக்களவைத் தேர்தலில் அந்த ஆளுங்கட்சிக் கூட்டணி 39லும் தோற்றது. முடிவு வந்த சில நாட்களிலேயே சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். மக்களவைக்குப் போட்ட ஓட்டுதான் ஒரு மாநிலச் சட்டத்தை எடுக்க வைத்தது. அதனால் ஆயர்களும் பேராயர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொன்னால், குடும்பத்தோடு போய் அப்படியே போடுவது என் வழக்கம். பள்ளி இருந்தால்தான் பிள்ளை.

வேப்பேரி வாத்தியார்
3 ஏப்ரல், காலை 6.20

நான் எய்டட் (அரசு உதவிபெறும்) பள்ளி ஆசிரியர், இந்தத் தேர்தலுக்கும் டியூட்டி வந்திருக்கிறது, அதனால் கட்சி பற்றி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். பெரம்பூர் அம்மா கேட்ட கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்.

கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. அந்த வருடம் அரசியல் சாசனத்தின் 42-வது திருத்தத்தில், மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. அன்றிலிருந்து உங்கள் பிள்ளையின் படிப்பில் பாதிக் கயிறு டெல்லியில் இருக்கிறது. நீட் அங்கிருந்து வந்தது. புதிய கல்விக் கொள்கை 2020 அங்கிருந்து வந்தது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பத்து வரை ப்ரீ-மெட்ரிக் உதவித்தொகை இருந்ததே, 2022-23ல் எட்டாம் வகுப்பு வரைக்கும் அதை நிறுத்திவிட்டு 9, 10க்கு மட்டும் என்று ஆக்கினார்கள். கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாவது வரை படிப்பு இலவசம்தானே என்பது சொன்ன காரணம். எங்கள் பள்ளியில் அந்தப் பணத்தில் நோட்டும் ஷூவும் வாங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். எம்.ஃபில்., பிஎச்.டி. படிக்கிற சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் அதே 2022ல்தான் நின்றது. இதையெல்லாம் எந்தக் கட்சிக்காரரிடமும் நேராகக் கேட்கலாம்: திரும்பக் கொண்டுவருவீர்களா, மாட்டீர்களா, ஏன்?

மாநிலத்தில் முடிவாகிற விஷயங்களை இந்த ஓட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எய்டட் பள்ளி ஆசிரியர் நியமன ஒப்புதல் மாநிலம். காலை உணவுத் திட்டம் எந்தப் பள்ளிக்கு என்பது மாநிலம். 2020ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் கொடுத்தபோது எய்டட் பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். அது எங்களுக்குப் பெரிய வலி, ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் கோட்டை. சட்டமன்றத் தேர்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2004 பற்றி பல்லாவரம் சகோதரர் சொன்னது நடந்ததுதான், ஆனால் முழுசாக இல்லை. 2003ல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வரை ஒரே வீச்சில் வேலைநீக்கம் ஆனார்கள். எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒரே கூட்டணியில் சேர்ந்திருந்தன. மதமாற்றச் சட்டம் பிடிக்காதவர்களின் ஓட்டு அதில் ஒரு பங்கு. 6 சதவீதம் தனியாக நின்று 39 தொகுதியைப் புரட்டியதாக நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

கொளத்தூர் தாய்
3 ஏப்ரல், காலை 11.05

நாங்கள் இந்துக் குடும்பம். மகன் ஃபாதர்கள் நடத்தும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அவன் வகுப்பில் பாதிக்கு மேல் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தான். அப்படியிருக்க "பள்ளிக் குடும்பங்கள்" என்று சொல்லிக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஒரு பட்டியல் குரூப்பில் வந்தால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தீர்களா? எங்கள் குரூப்பிலும் அதே பட்டியல் வந்தது. அடுத்த நாள் கேட் வாசலில் நின்ற அம்மாக்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். இதுவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அந்தப் பள்ளியை நான் தேடிப் போனது மதத்துக்காக இல்லை. கண்டிப்பு, சுத்தம், ஃபீஸ் கட்டத் தாமதமானாலும் பிள்ளையை வெளியே நிறுத்தாத குணம், இதற்காகத்தான். பள்ளிக்கு ஒரு ஆபத்து என்றால் அது எனக்கும் ஆபத்து. அதை எனக்கும் புரிகிற மாதிரி சொல்லுங்கள், நானும் அதை எடைபோட்டு ஓட்டுப் போடுவேன். ஆயர் சொன்னார் என்று என்னிடம் சொன்னால் நான் அங்கேயே கதவை மூடிக்கொள்வேன், அவரை மதிக்காததால் இல்லை, அவர் எனக்கு ஆயர் இல்லை என்பதால்.

பல்லாவரம் அப்பா
3 ஏப்ரல், மதியம் 1.30

அம்மா, உங்கள் வருத்தம் நியாயம். பள்ளி குரூப்பில் அது வந்திருக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். சபைக்குள் பேசுவது வேறு, பள்ளியில் பேசுவது வேறு. ஆனால் சபைக்குள்ளும் பேசக் கூடாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாதிச் சங்கங்கள் கூட்டம் போட்டு ஆதரவு அறிவிக்கின்றன, வணிகர் சங்கம் அறிவிக்கிறது, நாங்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஜெபம் மட்டும் செய்ய வேண்டுமா?

வேப்பேரி வாத்தியார்
3 ஏப்ரல், மாலை 5.45

பேசலாம். எது வரை என்பதற்குச் சட்டம் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123. வேட்பாளரோ, அவர் ஏஜெண்டோ, அவர் சம்மதத்தோடு வேறு யாரோ மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் அது முறைகேடு, அந்த வெற்றியே ரத்தாகலாம். வேட்பாளரின் மதம் மட்டுமா, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அப்படியா என்ற கேள்விக்கு 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, நாலுக்கு மூன்று என்ற கணக்கில், வாக்காளரின் மதமும் அதில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. இப்படிப் போடாவிட்டால் கடவுளின் கோபம் வரும் என்று வேட்பாளர் தரப்பு நம்ப வைப்பதும் அதே பிரிவில் குற்றம். கோவில், மசூதி, சர்ச் எதையும் பிரசார மேடையாக்கக் கூடாது என்பது தேர்தல் நடத்தை விதி.

அதனால் ஆயர்கள் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள், ஏழையை நினையுங்கள், காசு வாங்காதீர்கள் என்று சொன்னால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டும். பெயரும் சின்னமும் சொல்ல ஆரம்பித்தால் சிக்கல். அதை ஒரு பள்ளியின் பெயரில் செய்தால் நாளைக்கு அந்தப் பள்ளித் தாளாளர்தான் பதில் சொல்ல வேண்டி வரும், ஃபார்வர்டு அனுப்பியவர் வர மாட்டார்.

சாந்தோம்வாசி
3 ஏப்ரல், இரவு 8.10

எதைப் பார்த்துப் போடுவது என்பதற்கு முன்னால் போய்ப் போடுகிறோமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2019ல் மாநிலமே 72 சதவீதம் ஓட்டுப் போட்டபோது எங்கள் தென்சென்னையில் 57 சதவீதம்தான். அந்த வருடம் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, பெரிய வியாழன். தேதியை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள், மாறவில்லை. மதுரையில் சித்திரைத் தேர் அதே நாள் என்பதால் அங்கே மட்டும் இரவு 8 மணி வரை நேரம் கொடுத்தார்கள். இங்கே பள்ளி வளாகம் வாக்குச்சாவடி, அதே வளாகத்தில் ஆலயம், சாயங்காலம் பாதம் கழுவும் சடங்கு. எங்கள் வீட்டில் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு மாலையில் திருப்பலிக்குப் போனோம். ஆனால் நீண்ட விடுமுறை கிடைத்ததே என்று வேளாங்கண்ணிக்கும் ஊருக்கும் கிளம்பிய குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே நிறைய.

இந்த முறை வெள்ளிக்கிழமை, சனி ஞாயிறும் சேர்ந்து வருகிறது. பள்ளிக்கு ஆபத்து என்று குரூப்பில் எழுதுபவர்கள் அன்றைக்கு ஏற்காட்டில் இருக்கக் கூடாது.

மடிப்பாக்கம் வாசகர்
3 ஏப்ரல், இரவு 10.50

எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். நானும் கிறிஸ்தவன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். 2014ல் தாமரைக்குத்தான் ஓட்டுப் போட்டேன், இந்த முறையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம் எளிமை. நிலையான ஆட்சி வேண்டும், நான் வேலை பார்க்கும் துறைக்குப் பயன் தெரிகிறது, சாலை, ரயில், பணப் பரிமாற்றம் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்து மாறியிருக்கிறது. இங்கே உள்ள கட்சிகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் நம்மைப் பயமுறுத்தியே ஓட்டு வாங்கிவிட்டு அப்புறம் ஐந்து வருடம் எட்டிப் பார்ப்பதில்லை, அதுவும் எனக்குக் கோபம்.

இன்னொன்று. நம் நிறுவனங்களின் கணக்கைக் கேட்டாலே தாக்குதல் என்கிறோம். வெளிநாட்டுப் பண விதிகளை இறுக்கினால் நேர்மையாக நடத்துகிறவர்களுக்கு என்ன கஷ்டம்? நான் கேட்பதில் தப்பு இருந்தால் விளக்குங்கள், ஆனால் துரோகி என்று மட்டும் எழுதாதீர்கள்.

எண்ணூர் கடலோரம்
4 ஏப்ரல், காலை 7.15

துரோகி என்று யாரும் சொல்ல மாட்டோம் அண்ணே. உங்கள் ஓட்டு உங்களுடையது. விதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என் தங்கச்சி மகன் ஒரு விடுதியில் தங்கிப் படித்தவன்.

வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் வந்த 2020 திருத்தத்துக்கு முன்னால் ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, சின்னச் சின்ன விடுதிகளுக்கும் மாலை வகுப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். திருத்தம் அதை நிறுத்தியது. வாங்கியவர் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருந்தது 20 ஆனது. பணம் முதலில் டெல்லியில் உள்ள ஒரே ஒரு ஸ்டேட் பேங்க் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். பெரிய நிறுவனம் ஆடிட்டர் வைத்துச் சமாளிக்கும். கடலோரத்தில் இருபது பிள்ளைகளை வைத்திருக்கும் விடுதி சமாளிக்காது. கணக்குக் கேட்பது சரி. கணக்குச் சரியாக வைத்திருந்தவருக்கும் வழி அடைபட்டதே, அதைத்தான் கேட்கிறோம்.

மணிப்பூரையும் நீங்கள் ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். 2023 மே மாதம் அங்கே கலவரம் ஆரம்பித்தது. குக்கி சர்ச்சுகளும் எரிந்தன, மெய்தேய் கிறிஸ்தவர்களின் சர்ச்சுகளும் எரிந்தன. அதை மதச் சண்டை என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன், அங்கே நிலம், இனம் என்று பல இருக்கிறது. ஆனால் நாட்டை ஆள்கிறவர்கள் மாதக்கணக்கில் என்ன செய்தார்கள் என்பதை எடைபோடாமல் நான் ஓட்டுப் போட மாட்டேன்.

அப்புறம் ஊழல் என்று வந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கட்சிகளுக்குப் பெயர் தெரியாமல் நன்கொடை கொடுக்கும் தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது, யார் கொடுத்தார்கள், எந்தக் கட்சி வாங்கியது என்ற பட்டியல் மார்ச்சில் வெளியே வந்தது. டெல்லியில் ஆளும் கட்சியும் அதில் இருக்கிறது, இங்கே ஆளும் கட்சியும் இருக்கிறது.

எனக்கு இந்தத் தேர்தலில் பெரிய விஷயம் இதெல்லாம்கூட இல்லை. டிசம்பரில் புயலோடு எண்ணெய் கசிந்து முகத்துவாரம் கறுத்தது. அந்த மாதமே 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் மூச்சு இழுக்கிறார்கள் என்றால் அது கிறிஸ்தவப் பிரச்சினையா, இந்துப் பிரச்சினையா? கடலோர ஒழுங்குமுறை விதியும் சுற்றுச்சூழல் அனுமதியும் மத்திய அரசு சம்பந்தப்பட்டவை. என் எம்.பி.யிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்.

மடிப்பாக்கம் வாசகர்
4 ஏப்ரல், காலை 9.30

மரியாதையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. விடுதி விஷயம் எனக்குத் தெரியாது. என் தொகுதி வேட்பாளர் வரும்போது அதைக் கேட்கிறேன். மற்றதில் என் எண்ணம் அப்படியேதான் இருக்கிறது.

ராயப்பேட்டை வாப்பா
4 ஏப்ரல், மாலை 4.00

நோன்பு நேரம், சுருக்கமாக. என் மகள் கான்வென்டில் படிக்கிறாள், அவள் உம்மாவும் அதே பள்ளியில் படித்தவள். மார்ச் 11ல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து அதன்படி குடியுரிமை கேட்கக்கூடியவர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு, நாங்கள் இல்லை. இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் எந்த மதமானாலும் இல்லை, நம் ஊர் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உட்பட. உங்கள் பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு இது ஒரு காரணமாகத் தெரிந்ததா என்று அறிய ஆசை. கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் என் மகள் முதலில் கற்றுக்கொண்டது பக்கத்து பெஞ்சில் இருப்பவளுக்குப் பங்கு கொடுப்பது. பெற்றோரும் அதே கணக்கில் ஓட்டுப் போட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

வியாசர்பாடி தோழர்
4 ஏப்ரல், இரவு 9.20

இவ்வளவு நேரம் "நம் பள்ளி, நம் பள்ளி" என்று படித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுத விடுங்கள்.

நான் தலித் கிறிஸ்தவன். 1950 அரசியல் சாசன (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை என்கிறது. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நாங்கள் இன்னும் வெளியே. என் அண்ணன் பிள்ளைகளுக்கு எஸ்.சி. சான்றிதழ், என் பிள்ளைகளுக்கு பி.சி., காரணம் நான் ஞானஸ்நானம் வாங்கினேன், அண்ணன் வாங்கவில்லை. இரண்டு வீடும் ஒரே தெரு, தெருவுக்கு வெளியே எங்களை ஒரே மாதிரிதான் பார்ப்பார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007ல் அந்தப் பத்தியை நீக்கச் சொன்னது. அப்புறம் இரண்டு கூட்டணிகளும் மாறி மாறி ஆண்டன, யாரும் நீக்கவில்லை. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம் என்று இன்னொன்று போட்டார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று எங்களையும் சேர்க்கச் சொல்லித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது, நல்லதுதான், ஆனால் மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். சரியாக ஒரு வருடம் கழித்து அதே ஏப்ரல் 19ல் நாம் ஓட்டுப் போடப் போகிறோம். கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒன்றாகப் போட வேண்டும் என்று சொல்கிற யாராவது இதை முதல் கோரிக்கையாக வைத்திருக்கிறார்களா? அந்தப் பட்டியலில் ஒரு வரி உண்டா?

பள்ளிக்கும் வருகிறேன். 2014ல் உச்ச நீதிமன்றம் கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்த அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு தரும் உரிமை, அதை நான் மதிக்கிறேன், அது போய்விட்டால் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்த முதல் இடமே போய்விடும், என் பாட்டி எழுத்துக் கற்றது மிஷன் பள்ளியில்தான். ஆனால் அதன் விளைவு என்ன? மற்ற தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இலவச இடம் உண்டு. ஃபீஸ் அதிகம் வாங்கும் கிறிஸ்தவ மெட்ரிக் பள்ளியில் அது கிடையாது. என் மகளுக்கு அப்படி ஒரு பள்ளியில் இடம் கேட்டுப் போனபோது சபைக் கடிதம் கொடுத்தேன், அவர்கள் கேட்ட தொகை என் நாலு மாதச் சம்பளம். அவள் இப்போது எய்டட் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள், அந்த சிஸ்டர்களுக்கு நான் கடன்பட்டவன். உரிமையைக் காக்க என்னிடம் ஓட்டுக் கேட்கிறவர்கள் அந்த உரிமையை யாருக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்லட்டும். அப்போது நானே தெருத்தெருவாக வந்து கேட்கிறேன்.

பல்லாவரம் அப்பா
4 ஏப்ரல், இரவு 10.40

தோழரே, நீங்கள் எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் சபையில் ஆதரவு பற்றிப் பேசிய கூட்டத்தில் 1950 ஆணை பேச்சுக்கே வரவில்லை. வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து இளைஞர் சங்கத்தில் நானே எடுக்கிறேன். சேர்ந்து போட வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை, ஆனால் எதற்காகச் சேர்கிறோம் என்பதில் உங்கள் கோரிக்கை இல்லாமல் சேர்வதில் அர்த்தம் இல்லை.

முதல் ஓட்டு
5 ஏப்ரல், காலை 10.00

பிளஸ் டூ பரீட்சை இப்போதுதான் முடிந்தது, மே 5 நீட். ஓட்டர் ஐடி வந்துவிட்டது. அப்பா வீட்டில் எல்லாரும் ஒரே சின்னத்துக்குத்தான் என்கிறார். மீறினால் தப்பா? எங்கள் பள்ளியில் சிஸ்டர் கடைசி நாள் சொன்னது, ஓட்டு ரகசியம், அதை யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம் என்று. எனக்கு நீட் பற்றிப் பேசுகிறவர் வேண்டும், ஆனால் எல்லாரும் ரத்து செய்வோம் என்றோ முடியாது என்றோ மட்டும் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்வதில்லை. எப்படித் தெரிந்துகொள்வது?

வேப்பேரி வாத்தியார்
5 ஏப்ரல், மாலை 6.30

தப்பே இல்லை கண்ணு. அப்பாவை மதிக்கலாம், அவர் சொல்வதைக் கேட்கலாம், பட்டனை நீதான் அழுத்துகிறாய். உங்கள் சிஸ்டர் சொன்னது சட்டமும்கூட.

எப்படித் தெரிந்துகொள்வது என்றால், ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், படிப்பு, வழக்கு எல்லாம் எழுதிப் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறார். தேர்தல் ஆணையத்தின் நோ யுவர் கேண்டிடேட் ஆப்பில் தொகுதியைப் போட்டால் வரும். வழக்கு என்றதும் ஒதுக்க வேண்டாம், போராட்டத்தில் கலந்துகொண்ட வழக்கும் அதில் இருக்கும், மோசடி வழக்கும் இருக்கும், பிரிவைப் பார். ஏற்கனவே எம்.பி.யாக இருந்தவர் என்றால் அவர் நாடாளுமன்றத்தில் என்ன கேள்வி கேட்டார் என்று மக்களவை இணையதளத்தில் பார்க்கலாம். நீட் பற்றி, உதவித்தொகை பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறாரா? தொகுதி நிதி வருடத்துக்கு 5 கோடி, அதில் பள்ளிக் கட்டடத்துக்கு எங்காவது போனதா? நீட்டை நீக்க மாநிலச் சட்டம் போதாது, குடியரசுத் தலைவர் ஒப்புதலோ நாடாளுமன்றத் திருத்தமோ வேண்டும், அதனால் ரத்து என்பவரிடம் டெல்லியில் யார் துணையோடு என்று கேள். வேண்டும் என்பவரிடம் கோச்சிங்குக்குப் பணம் இல்லாத எய்டட் பள்ளிப் பிள்ளைக்கு என்ன வழி என்று கேள்.

மாடரேட்டர்
5 ஏப்ரல், இரவு 7.10

வேட்பாளர் பெயர்களோடு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அந்தப் பட்டியலின் படத்தையும் இங்கே ஏற்ற வேண்டாம்.

பெரம்பூர் அம்மா
6 ஏப்ரல், இரவு 9.00

நேற்றும் இன்றும் எங்கள் தெருவுக்கு இரண்டு கட்சிப் பிரசாரம் வந்தது. எட்டாம் வகுப்பு வரை நின்ற உதவித்தொகை பற்றி இரண்டு பேரிடமும் கேட்டேன். ஒரு வேட்பாளர் வண்டியை விட்டு இறங்கி வந்து, அப்படி நின்றதே தெரியாது என்று சொல்லாமல், எந்த வருடம் என்று சரியாகச் சொல்லி, நாடாளுமன்றத்தில் எழுப்புவேன் என்றார். இன்னொரு தரப்பில் வேட்பாளர் வேனிலேயே போய்விட்டார், கூட வந்தவர் எழுதிக்கொண்டார், பார்க்கலாம் என்றார். எண்ணூர் சகோதரரின் காற்று விஷயத்தையும் கேட்டேன், அதற்கு இரண்டு பக்கமும் தெளிவான பதில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, அவர் பிள்ளை மாநகராட்சிப் பள்ளி, என்னோடு சேர்ந்து நின்று கேட்டார்.

எனக்கு இப்போது தெளிவாகத் தெரிவது, பள்ளி சம்பந்தப்பட்ட கேள்விகளை எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாக எழுதிக் கேட்கலாம், எந்தச் சின்னம் என்பதைப் பள்ளியின் பெயரில் யாரும் சொல்லக் கூடாது. மாமியாரிடமும் இதைச் சொன்னேன். ஐயரிடம் கேட்கிறேன், ஆனால் 1950 ஆணை பற்றியும் கேட்கிறேன் என்றார். கொளத்தூர் அம்மா, நீங்களும் என் தொகுதிதான், உங்கள் பகுதிக்குப் பிரசாரம் வரும் நாள் தெரிந்தால் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

கொளத்தூர் தாய்
6 ஏப்ரல், இரவு 9.35

கண்டிப்பாகச் சொல்கிறேன். எங்கள் வகுப்பு அம்மாக்கள் நாலைந்து பேரும் வருவார்கள், யார் எந்த மதம் என்று நான் கேட்கவில்லை.

சாந்தோம்வாசி
7 ஏப்ரல், காலை 6.50

ஒரு நடைமுறைச் சந்தேகம் வாத்தியார். என் அம்மாவுக்கு 86. வீட்டிலிருந்தே போடும் வசதிக்கு மனு கொடுக்கவில்லை. எங்கள் பூத் பள்ளியின் தரைத்தளம்தான், ஆனால் அம்மாவால் அதிக நேரம் நிற்க முடியாது. கண்ணும் மங்கல்.

வேப்பேரி வாத்தியார்
7 ஏப்ரல், காலை 7.30

வீட்டு வாக்குக்கான 12டி படிவக் கெடு முடிந்துவிட்டது. பரவாயில்லை, நேரில் கூட்டி வாருங்கள். முதியவர்களை வரிசையில் காக்க வைக்க மாட்டோம், வாசலில் இருக்கும் போலீஸிடமோ எங்களிடமோ சொன்னால் போதும், சக்கர நாற்காலியும் இருக்கும். சின்னம் பார்க்க முடியாத அளவுக்குக் கண் மங்கல் என்றால் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போகலாம், அதற்கு ஒரு உறுதிமொழிப் படிவம் எழுதித் தர வேண்டும். அம்மா சொல்கிற பட்டனைத்தான் அழுத்த வேண்டும், உங்கள் விருப்பத்தை இல்லை. பூத் ஸ்லிப் மட்டும் போதாது, ஓட்டர் ஐடி, இல்லாவிட்டால் ஆதார், பென்ஷன் புத்தகம், போட்டோ உள்ள பேங்க் பாஸ்புக் ஏதாவது ஒன்று. ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், வெயிலுக்கு முன்னால் முடிந்துவிடும்.

எனக்கு இன்று பயிற்சி வகுப்பு. காலை ஆராதனைக்குப் போக முடியவில்லை. தபால் ஓட்டு அங்கேயே போடலாம் என்றிருக்கிறார்கள், போட்டுவிட்டு வருகிறேன். டியூட்டியில் இருக்கும் மற்ற ஆசிரியர்களும் தபால் ஓட்டுக்கான படிவம் 12 கொடுத்தாயிற்றா என்று இன்றே பாருங்கள். சொந்தத் தொகுதிக்குள்ளேயே டியூட்டி என்றால் ஈ.டி.சி. என்கிற தேர்தல் பணிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வேலை பார்க்கும் சாவடியிலேயே போடலாம். 18ஆம் தேதியிலிருந்து நான் இங்கே வர முடியாது, சந்தேகம் இருந்தால் அதற்குள் கேட்டுவிடுங்கள்.